திரையில் வளரும் ஓவியம்: மாற்றமா, பரிணாமமா?

கணிப்பொறியை இயக்கியவுடன் நம் கண்ணில் முதலில் படுவது அதன் பின்னணிப் படம். ‘வால்பேப்பர்’ என்று அதை வழங்குகிறோம். பசும்புல் போர்த்திய ஒரு மேடு, மேலே நீல வானம், அதில் சில வெண்மேகங்கள். இந்தப் படத்தைப் பார்த்திராத கல்லூரி மாணவர் ஒரு காலத்தில் இல்லை எனலாம். 1996ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் சொனோமா பகுதியில் சார்லஸ் ஓ’ரியர் என்ற புகைப்படக் கலைஞர் எடுத்த படம் அது. 2001இல் விண்டோஸ் எக்ஸ்பி வெளிவந்தபோது அதனுடன் சேர்ந்து உலகெங்கும் பரவியது. ஆண்டுக்கணக்கில் அந்த மேட்டில் ஒரு புல்லும் அசையவில்லை. அசைய வேண்டுமென்று நாமும் எதிர்பார்க்கவில்லை.

இன்று நிலைமை வேறு. சொற்களைக் கொடுத்தால் படம் வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவு நிரல்கள் 2022ஆம் ஆண்டு முதல் பொதுமக்கள் கைக்கு வந்துவிட்டன. அவற்றைக் கொண்டு, காலைதோறும் அல்லது மணிதோறும் தானே மாறிக்கொள்ளும் பின்னணிப் படங்களைப் பலர் அமைத்துக்கொள்கிறார்கள். நேற்றைய படத்தையே நிரலிடம் கொடுத்து, அதைச் சிறிது மாற்றி இன்றைய படத்தைப் பெறுவது ஒரு முறை. இப்படி உருவாகும் தொடருக்குப் ‘பரிணமிக்கும் ஓவியம்’ என்று பெயர் சூட்டுகிறார்கள்.

பெயர் பெரிது. பரிணாமம் என்ற சொல்லுக்கு அறிவியலில் வரையறுத்த பொருள் உண்டு. திரையில் நிகழ்வது அந்தப் பொருளுக்கு உரியதுதானா? இதே துறையில் முன்னரே செய்யப்பட்ட ஒரு நல்ல படைப்பையும், அண்மையில் பெரும் புகழ் பெற்ற மற்றொன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விடை தெளிவாகும்.

மையும் நீரும்

முதலில், இந்த நிரல்கள் எப்படிப் படம் வரைகின்றன என்பதைச் சுருக்கமாகக் காண்போம். ஒரு குவளை நீரில் ஒரு துளி மையை விடுங்கள். முதலில் மை ஓர் உருவத்தோடு சுருள்கிறது. சிறிது நேரத்தில் நீர் முழுவதும் விரவி, வெளிறிய ஒரே நிறமாகிவிடுகிறது. மூலக்கூறுகளின் ஒழுங்கற்ற மோதல்களால் நிகழும் இந்த விரவல், பௌதிக மாணவர்கள் நன்கு அறிந்ததே. விரவிய மை தானாகத் திரும்பித் துளியாவதில்லை.

2015ஆம் ஆண்டில் யாஷா சோல்-டிக்ஸ்டைனும் அவருடைய சகாக்களும் ஒரு கேள்வியை எழுப்பினார்கள். ஒரு படத்தின் மீது ஒழுங்கற்ற புள்ளிகளைச் சிறிது சிறிதாகத் தூவி, இறுதியில் அதை வெறும் இரைச்சலாக ஆக்கிவிடலாம். ஒவ்வொரு சிறு படியையும் பின்னோக்கிச் செல்லக் கணிப்பொறியைப் பயிற்றுவிக்க முடியுமா? சமநிலையற்ற வெப்ப இயக்கவியலிலிருந்து எடுத்த இந்தக் கருத்து பலித்தது. கோடிக்கணக்கான படங்களைக் கொண்டு பயிற்றுவித்தபின், வெறும் இரைச்சலைக் கொடுத்தாலும் அதைப் படிப்படியாகத் துடைத்து ஒரு படத்தைக் ‘கண்டெடுக்க’ நிரல் கற்றுக்கொண்டது.

பழைய படத்தை மாற்ற வேண்டுமானால் அதை முழுவதும் இரைச்சலாக்க வேண்டியதில்லை. பாதி வழி கரைத்துவிட்டு, அங்கிருந்து திரும்பி வரச் சொன்னால் போதும். திரும்பி வருவது பழைய படத்தைப் போலவே இருக்கும். ஆனால் அதுவே அல்ல. மாறும் வால்பேப்பரின் இரகசியம் இவ்வளவே.

மூன்று உறுப்புகள்

தேர்வின் வழி நிகழும் பரிணாமத்திற்கு மூன்று உறுப்புகள் தேவை என்று உயிரியல் கூறுகிறது. பெற்றோரின் பண்பு பிள்ளைக்குச் செல்லும் மரபு, பிள்ளைகளுக்கிடையே வேறுபாடு, அவற்றுள் சில நிலைக்கச் சில அழியும் தேர்வு. இவற்றில் ஒன்று குறைந்தாலும் நாம் காண்பது மாற்றமே தவிர அத்தகைய பரிணாமம் ஆகாது.

இம்மூன்றையும் கணிப்பொறித் திரைக்குக் கொண்டுவந்தவர்களுள் ரிச்சர்ட் டாக்கின்ஸ் குறிப்பிடத்தக்கவர். 1986இல் வெளிவந்த ‘குருட்டுக் கடிகாரக்காரன்’ என்ற ஆங்கில நூலில், கிளைவிடும் கோடுகளாலான ‘பயோமார்ப்’ உருவங்களை அவர் அறிமுகப்படுத்தினார். திரையில் ஒரு தாயைச் சூழ்ந்து பல பிள்ளைகள் தோன்றும். பார்ப்பவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அதுவே அடுத்த தலைமுறைக்குத் தாய். மரம் போன்ற கோடுகள் சில தலைமுறைகளில் பூச்சியாகவும் விளக்காகவும் உருமாறின.

கார்ல் சிம்ஸ் இதை ஓவியத் துறைக்குக் கொண்டு சென்றார். 1993இல் பாரிஸ் நகரின் பொம்பிடூ மையத்தில் அவர் வைத்த படைப்பில், வளைவாக நின்ற 16 திரைகளில் 16 படங்கள் ஒளிர்ந்தன. பார்வையாளர்கள் தங்களுக்குப் பிடித்த படத்தின் முன்னால் போய் நிற்பார்கள். தரையிலிருந்த உணர்விகள் அதைக் குறித்துக்கொள்ளும். எவர் முன்னும் நில்லாத படங்கள் மறையும். நின்ற படங்களின் சந்ததிகள் அவ்விடங்களை நிரப்பும். இங்கே கால் கடுக்க நிற்பதுதான் தேர்வு.

மின் ஆடுகள்

நம் பொருளுக்கு மிக நெருங்கிய படைப்பு 1999இல் தோன்றியது. அமெரிக்கரான ஸ்காட் டிரேவ்ஸ் உருவாக்கிய ‘எலக்ட்ரிக் ஷீப்’ என்ற ஸ்கிரீன் சேவர் அது. பிலிப் கே. டிக் 1968இல் எழுதிய அறிவியல் புதினத்தின் தலைப்பிலிருந்து ‘மின் ஆடு’ என்ற அந்தப் பெயரை அவர் எடுத்துக்கொண்டார்.

ஸ்கிரீன் சேவர் ஏன் வந்தது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். பழைய கணிப்பொறித் திரைகள் எதிர்மின் கதிர்க் குழாய்களால் ஆனவை. ஒரே படம் நெடுநேரம் நின்றால் உட்பூச்சான பாஸ்பர் அங்கே தேய்ந்து, அழியாத் தழும்பு விழும். அதைத் தவிர்க்கவே, எவரும் வேலை செய்யாதபோது எதையாவது அசையவிட்டார்கள். அந்தச் சும்மாயிருக்கும் நேரத்தையே டிரேவ்ஸ் தம் கலைக்கு மூலதனமாக்கினார்.

ஒவ்வொரு ‘ஆடும்’ நெளிந்து சுழலும் ஓர் ஒளிச்சித்திரம். ‘பிராக்டல் ஜுவாலை’ என்று டிரேவ்ஸ் பெயரிட்டு 1992இல் வகுத்த முறைப்படி அது வரையப்படுகிறது. ஒரு புள்ளியைச் சில கணித விதிகளுள் ஏதேனும் ஒன்றின்படி தாவவிட வேண்டும். தாவிய இடத்திலிருந்து மீண்டும் மீண்டும் தாவவிட வேண்டும். எந்த இடத்தில் எத்தனை முறை புள்ளி விழுந்தது என்று எண்ணி, அந்த எண்ணின் மடக்கைக்கு ஏற்ப அவ்விடத்தை ஒளிரச் செய்ய வேண்டும். எண்ணை நேராகவே ஒளியாக்கினால் ஓரிரு இடங்கள் மட்டும் கண்ணைக் கூச, மற்றவை இருளில் மறையும். மடக்கையைப் பயன்படுத்துவதால் மென்மையான இழைகளும் புலப்படுகின்றன. நம் கண்ணும் ஒளியை ஏறக்குறைய இவ்வாறே அளக்கிறது என்பதை எண்ணும்போது, இந்தத் தேர்வின் நயம் விளங்கும்.

விதிகளில் அடங்கிய எண்களே ஆட்டின் மரபணுக்கள். உலகெங்கும் இந்நிரலை நிறுவியவர்களின் கணிப்பொறிகள் உறங்கும்போது, ஒவ்வொன்றும் ஏதேனும் ஓர் ஆட்டின் சில சட்டகங்களைக் கணக்கிட்டு மைய இயந்திரத்திற்கு அனுப்பும். அவை சேர்ந்து அசையும் படமாகி எல்லோருடைய திரைக்கும் திரும்பி வரும். பார்ப்பவருக்கு ஓர் ஆடு பிடித்திருந்தால் மேல்நோக்கிய அம்பு விசையை அழுத்தலாம், பிடிக்காவிட்டால் கீழ்நோக்கியது. வாக்குப் பெற்ற ஆடுகள் நெடுநாள் வாழும். கலந்தும் திரிந்தும் குட்டிகளை ஈனும். மற்றவை விரைவில் மறையும். மரபு, வேறுபாடு, தேர்வு ஆகிய மூன்றும் இங்கே முழுமையாக உள்ளன.

இப்படைப்பில் குறையில்லை என்று நான் கூறவில்லை. இதன் அகராதி குறுகியது. எத்தனை தலைமுறை சென்றாலும் ஆடுகள் புகைச்சுருளாகவும் ஒளியிழையாகவுமே இருக்கும். ஒரு முகமோ ஒரு மரமோ அங்கே பிறப்பதில்லை. அரை மணி நேரம் தொடர்ந்து பார்த்தால் ஒன்றுக்கொன்று ஒப்பாகத் தோன்றத் தொடங்குகின்றன. ஒரு கணத்தில் பளிச்சிடுவது வாக்கைப் பெறுகிறது. மெல்ல விரிவது தோற்றுப்போகிறது.

ஆனால் டிரேவ்ஸ் தம் படைப்பைத் தாமே சோதித்துப் பார்த்தவர். ஆடுகளைக் கையால் வடிவமைத்து மந்தையில் சேர்க்கவும் அன்பர்களுக்கு அவர் இடமளித்திருந்தார். 11 வார வாக்குகளை ஆராய்ந்து 2005இல் எழுதிய கட்டுரையில், இந்த ஏற்பாடு தானே அழகைத் தேடிக் கண்டுபிடிக்கும் இயந்திரமாக இயங்குவதைவிட, அதில் ஈடுபட்ட மனிதர்களின் படைப்பாற்றலைப் பெருக்கிக் காட்டும் கருவியாகவே இயங்குகிறது என்ற முடிவுக்கு வந்தார். தம் கருவியைப் பற்றித் தாமே இவ்வளவு அடக்கமாக அறிக்கை தந்த கலைஞர்கள் சிலரே. ஒலிபெருக்கி பேச்சை உண்டாக்குவதில்லை. பேசுபவர் இருந்தால் பெருக்கும்.

அருங்காட்சியகச் சுவரில்

இதற்கு எதிர்முனையில் நிற்பது ரெஃபிக் அனடோலின் ‘அன்சூப்பர்வைஸ்டு’. நியூயார்க் நகரின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் 2022 நவம்பர் முதல் 2023 அக்டோபர் வரை காட்டப்பட்டது. ஏறத்தாழ 24 அடி உயரமுள்ள திரை. அந்த அருங்காட்சியகத்தின் சேகரிப்பைச் சார்ந்த 1,38,151 தரவுகளைக் கொண்டு ஒரு நிரல் பயிற்றுவிக்கப்பட்டது. கற்றவற்றுக்கு இடையே அது இடைவிடாது உலாவுகிறது. வண்ணங்கள் அலைபோல் பொங்கி, எங்கோ கண்ட ஓவியத்தின் சாயலை ஒரு கணம் காட்டி, மீண்டும் கரைகின்றன. வெளியே நிலவும் வானிலையும், கூடத்தில் இருப்போரின் அசைவும் ஒலியும் அதன் போக்கைச் சற்றே திருப்புகின்றன.

காண்பதற்கு இனிய காட்சி என்பதில் ஐயமில்லை. மக்கள் அதன்முன் நெடுநேரம் அமர்ந்திருந்தார்கள். இது பெருஞ்செலவிலான ஸ்கிரீன் சேவரே என்று கூறிய விமர்சகர்களும் உண்டு. ஏளனமாகச் சொன்ன அந்தச் சொல்லை நான் ஏளனமாகக் கொள்ளவில்லை. டிரேவ்ஸின் படைப்பும் ஸ்கிரீன் சேவர்தானே! வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. அனடோலின் அலைகள் பார்வையாளரின் அசைவை உணர்கின்றன. ஆனால் அவர் எதை விரும்பினார், எதை விரும்பவில்லை என்பதை அடுத்த அலைக்குக் கொண்டு செல்வதில்லை. காற்று வீசினால் குளத்து நீர் அசைகிறது. காற்று நின்றதும் குளத்திற்கு அது நினைவில்லை. பயிற்சி ஏற்கெனவே முடிந்துவிட்டது. நாம் அதன்முன் ஒரு நாள் இருந்தாலும் ஓராண்டு இருந்தாலும் அதற்கு ஒன்றே.

குளத்தின் அசைவும் அழகுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மேகத்தின் ஓட்டத்தில் தேர்வு எதுவும் இல்லை. ஆயினும் அதை ரசிக்கிறோம். ஆனால் மேகம் உண்மையான காற்றுக்கும் வெயிலுக்கும் கட்டுப்பட்டது. 2018இல் ஆப்பிள் நிறுவனம் தன் கணிப்பொறிகளுக்குத் தந்த மொஹாவி பாலைவனப் படமும் அத்தகையதே. பயனரின் ஊரில் பொழுது நகர நகர, திரையிலுள்ள மணல்மேட்டிலும் வெளிச்சம் நகர்ந்தது. அது பரிணாமம் என்று எவரும் சொல்லவில்லை. எளிமையான, நேர்மையான மாற்றம்.

ஆக, மாறும் படம் புற உலகுக்குக் கட்டுப்பட்டிருக்கலாம். அல்லது நம் தேர்வுக்குக் கட்டுப்பட்டிருக்கலாம். இரண்டுக்கும் கட்டுப்படாத படம் எங்கே போகும்?

ஒரு சிறு சோதனை

இதை அறியச் சென்ற கோடை விடுமுறையில் ஒரு சோதனை செய்தேன். எங்கள் ஊர் ஏரிக்கரையில் ஐந்து பனைமரங்கள் நிற்கின்றன. ஒன்று சற்றே சாய்ந்தது. அவற்றை நான் எடுத்த புகைப்படத்தைத் தொடக்கமாக வைத்து, நாள்தோறும் முந்தைய நாளின் படத்தைச் சிறிதளவு கரைத்து மீட்குமாறு நிரலை அமைத்தேன். பனைக்கு உரிய ஆங்கிலச் சொல்லையே விவரிப்பில் கொடுத்திருந்தேன். வேறு எதிலும் தலையிடவில்லை.

முதல் நான்கு நாள்கள் படம் அழகாகவே மாறியது. ஒரு வாரத்தில் விசிறி போன்ற பனையோலைகள் நீண்டு பிளந்து தென்னங்கீற்றாகத் தொடங்கின. பத்தாம் நாள் ஐந்தும் தென்னைகள். ஏரி கடலாகியது, கரையில் வெண்மணல் படிந்தது, காலை வானம் ஆரஞ்சு நிற அந்தியாகியது. இருபதாம் நாள் என் திரையில் இருந்தது உல்லாசப் பயண நிறுவனங்களின் நாட்காட்டியில் காணப்படும் ஒரு கடற்கரை. அதன் பிறகும் நாள்தோறும் படம் மாறியது. ஆனால் ஒரு கடற்கரையிலிருந்து மற்றொரு கடற்கரைக்கு மட்டுமே.

காரணம் எளிது. நிரல் ஒவ்வொரு முறை கரைத்து மீட்கும்போதும், தான் அதிகம் கண்டவற்றின் பக்கம் சற்றே சாய்கிறது. ஒரு முறை பார்த்தால் தெரியாது. இருபது முறை சேர்ந்தால் தெரியும். சரிவில் விட்ட கோலிக்குண்டு எங்கிருந்து உருண்டாலும் பள்ளத்தில் வந்து நிற்பதை ஒத்தது இது. ‘ஸ்டேபிள் டிப்யூஷன்’ போன்ற நிரல்கள் பெரும்பாலும் ஆங்கில விவரிப்புகள் கொண்ட படங்களால் பயிற்றுவிக்கப்பட்டவை. அவற்றுள் தென்னங்கடற்கரைகள் ஏராளம். ஏரிக்கரைப் பனைகள் அரிது. என் பனைகள் மறைந்தது எவருடைய சதியாலும் அல்ல; அவற்றைக் காத்து நிற்க எவரும் இல்லாததால்.

இரண்டாம் சோதனையில் ஒரே ஒரு மாற்றம் செய்தேன். நாள்தோறும் நான்கு பிள்ளைப் படங்களை வரவழைத்து, ஐந்து நிமிடம் பார்த்து, ஒன்றைத் தேர்ந்தேன். நான்கும் பிடிக்காத நாளில் தாயையே வைத்துக்கொண்டேன். இருபதாம் நாள் படம் என் புகைப்படமும் அல்ல, நாட்காட்டியும் அல்ல. பனைகள் பனைகளாகவே இருந்தன. சாய்ந்த மரம் படத்தின் நடுவுக்கு வந்திருந்தது. அதன் நிழல் நீரில் பல வளைவுகளாக முறிந்து, நான் கற்பனை செய்திராத ஒரு கோலத்தைக் காட்டியது. பன்னிரண்டாம் நாள் அது சிறு நெளிவாகத் தோன்றியபோது காப்பாற்றி வைத்தேன், அது வளர்ந்தது.

ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இடையே இரண்டு நாள் அவசரத்தில் சரியாகப் பாராமல் தேர்ந்துவிட்டேன். அந்த நாள்களில் ஒன்றில் ஒரு மரம் காணாமற்போயிற்று. இன்றும் என் திரையில் நான்கு பனைகளே நிற்கின்றன. தேர்வில் நேரும் பிழையையும் மரபு அடுத்த தலைமுறைக்குக் கொண்டு செல்கிறது.

ஒரு படத்தைக் கொண்டு ஒருவர் செய்த இந்தச் சோதனை எதையும் நிரூபித்துவிடாது. ஆனால் டிரேவ்ஸ் கண்ட முடிவின் திசையிலேயே இது சுட்டுகிறது. ‘பிக்பிரீடர்’ என்ற வேறொரு திட்டத்தின் அனுபவமும் அதுவே. 2007இல் கென்னத் ஸ்டான்லியின் குழுவினர் தொடங்கிய அதில், ஒருவர் வளர்த்த படத்தை மற்றொருவர் தொடர்ந்து வளர்க்கலாம். வேற்றுக்கிரகவாசியின் முகம் போன்ற ஒரு படத்தை வளர்த்து வந்தபோது, அதன் கண்கள் கீழிறங்கிச் சக்கரங்களாகி, ஒரு மோட்டார் கார் பிறந்தது. கண் சக்கரமாகப் போகிறது என்பதை நிரல் அறியவில்லை. பார்த்துக்கொண்டிருந்த மனிதர் கண்டுகொண்டார்.

செலவுக் கணக்கு

மற்றொரு கணக்கும் உண்டு. படம் வரையும்போது கிராபிக்ஸ் கார்டு 250 வாட் திறனில் 10 வினாடி உழைப்பதாகக் கொள்வோம். ஒரு படத்திற்கு 2,500 ஜூல். நாளுக்கு ஒரு படமானால் இது பொருட்டே அல்ல. நிமிடத்திற்கு ஒன்று என்று வைத்தால், 1,440 படங்களுக்கு 36 இலட்சம் ஜூல்; அதாவது சரியாக ஒரு யூனிட் மின்சாரம். 1,440 படங்களையும் நின்று பார்க்க எவராலும் இயலாது. பாராத படத்திற்குச் செலவிடும் மின்சாரம் வீண் செலவே.

எனவே, தானே மாறும் வால்பேப்பர்களைப் பற்றிய என் தீர்ப்பு இது. படம் வரையும் ஆற்றலில் இன்றைய நிரல்கள் டிரேவ்ஸின் ஆடுகளை வெகுதூரம் விஞ்சிவிட்டன. ஏற்பாட்டின் அறிவில் அவற்றுக்குப் பின்னே நிற்கின்றன. 1999ஆம் ஆண்டின் படைப்பு பார்ப்பவருக்கு இரண்டு விசைகளைக் கொடுத்தது. இன்றைய ஏற்பாடுகளில் பல அவற்றைக் கொடுக்க மறந்துவிட்டன.

மாணவர்கள் இச்சோதனையைச் செய்து பார்க்கலாம். தம் ஊரில் தமக்கு நன்கு தெரிந்த ஒரு மரத்தையோ தெருவையோ படமெடுத்துத் தொடங்குவது நல்லது. அப்போதுதான் எது தொலைகிறது என்பது தெரியும். ஒவ்வொரு தலைமுறையையும் தேதியிட்டுச் சேமித்து, எதை ஏன் தேர்ந்தோம் என்று ஒரு வரி குறித்து வைக்க வேண்டும். தேர்வின்றி ஓடவிட்ட ஒரு தொடரையும் ஒப்பீட்டுக்காகப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். ஒரு மாத முடிவில் இரண்டையும் அருகருகே பரப்பிப் பார்த்தால், மாற்றம் எங்கே முடிகிறது, பரிணாமம் எங்கே தொடங்குகிறது என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.